பொங்கலுக்கு வெள்ளையடிக்காத வீடு

புயலைப் பற்றியும் வெள்ளத்தைப் பற்றியும் எல்லோரும் எழுதிவிட்டார்கள். வெள்ளம் வடிந்த பிறகு வீட்டுக்குள் வந்து உட்காருகிற பூசணத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பேச வெட்கம் என்று நினைக்கிறேன். சுவரில் பூசணம் என்றால் வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள் என்று அர்த்தமாகிவிடுகிறது. நம் வயதுக்காரர்களுக்கு இது வெட்கப்படுகிற விஷயம் இல்லை, மூச்சு சம்பந்தப்பட்ட விஷயம். அதனால் எங்கள் வீட்டில் நடந்ததையே எழுதுகிறேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. கடந்து போயிருந்தால் பரவாயில்லை, அங்கேயே நின்றுவிட்டது. மறுநாள் காலை 8.30 மணி வரையிலான 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. 2011இல் தானே புயல் வந்தபோது காற்றுதான் ஊரை அழித்தது. இந்த முறை தண்ணீர். கிருஷ்ணா நகர் பக்கம் ராணுவம் வந்து மக்களை மீட்கவேண்டியிருந்தது. எங்கள் தெரு அவ்வளவு மோசமில்லை. வீட்டுக்குள் ஒன்றரை அடித் தண்ணீர் இரண்டு நாள் நின்றது. கரண்ட் இல்லை. மூன்றாம் நாள் வடிந்ததும் சேற்றை வாரிக் கொட்டி, பினாயில் போட்டுக் கழுவி, முடிந்தது என்று உட்கார்ந்தோம்.

ஐந்தாம் நாள் ஒரு வாடை. பழைய ரிக்கார்டு ரூமைத் திறந்தால் வருமே, அந்த மக்கிய வாடை. படுக்கை அறையில் பீரோவை நகர்த்திப் பார்த்தால் பின்னால் சுவரில் கறுப்புப் புள்ளிகள், எள்ளைக் கொட்டியதுபோல. கட்டிலுக்கு அடியில் இருந்த இலவம்பஞ்சு மெத்தையில் பச்சையும் வெள்ளையுமாக ரோமம் முளைத்திருந்தது. அன்று இரவிலிருந்து என் மனைவிக்கு இளைப்பு. அவளுக்கு முப்பது வருஷமாக ஆஸ்துமா உண்டு. ஆனால் இன்ஹேலரை ராத்திரியில் மூன்று முறை தேடியது அந்த வாரம்தான்.

எங்களுக்குப் பள்ளியில் எல்லாமே பிரெஞ்சில்தான். பூசணத்துக்கு ‘முவாஸிஸ்யூர்’ என்று முதலில் படித்தேன், தமிழ்ப் பெயர் வீட்டில் அம்மா ஊறுகாய் ஜாடியைப் பார்த்துத் திட்டியபோதுதான் தெரிந்தது. வாத்தியார் ஒரு ரொட்டித் துண்டை நனைத்து, மூடிபோட்ட கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து, தினமும் பார்க்கச் சொன்னார். அது விதை போட்டு வருவதில்லை, அதன் வித்து எப்போதும் காற்றில் இருக்கிறது என்றார். ஈரம், தின்ன ஏதாவது ஒன்று, அசையாத காற்று, இந்த மூன்றும் சேர்ந்தால் ஒன்றிரண்டு நாளில் முளைத்துவிடும். அதே இனத்தில் ஒன்றுதான் பென்சிலின் கொடுக்கிறது, இன்னொன்று ரொக்ஃபோர் பாலாடைக் கட்டியில் நீல நரம்பாக ஓடுகிறது. எல்லாம் சரி, படுக்கை அறையில் அது எதற்கு? வித்தை ஒழிக்க யாராலும் முடியாது. துணி, காகிதம், மரம், பெயிண்ட், தூசி என்று அது தின்ன வீடு முழுக்க இருக்கிறது. நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான்.

மெத்தை, தலையணைகள், ஊறி உப்பிய பலகை அலமாரி மூன்றையும் தூக்கிப் போட்டோம். மனைவிக்கு மனசே வரவில்லை, மெத்தை அவள் அம்மா வீட்டுச் சீர். ஆனால் பஞ்சுக்குள் போன பூசணத்தை வெயிலில் காயவைத்து எடுக்க முடியாது. மேலே காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே இருந்துகொண்டேயிருக்கும். தேக்குக் கட்டிலைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துத் துடைத்துக் காயவைத்தோம், அது பிழைத்தது.

சுவர்தான் பெரிய பிரச்சினை. பொங்கலுக்கு ஆறு வாரம்தான் இருந்தது. பாரிஸிலிருந்து மகன் குடும்பத்தோடு வருவதாக இருந்தான். “அப்பா, பணம் அனுப்பறேன், வீடு முழுக்க நல்ல பெயிண்டா அடிச்சிடுங்க” என்றான். கடைக்காரர் பூசணம் பிடிக்காத பெயிண்ட் என்று ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். தெருவில் முக்கால்வாசிப் பேர் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். என் மனைவியோ, “நல்ல நாளும் அதுவுமா சுவரு இப்படியா இருக்கறது? பேரப்புள்ள வந்து பாத்தா என்ன நெனைக்கும்?” என்று தினமும் கேட்டாள். மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்.

வயதான கொத்தனார் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். “சார், சுவரு குடிச்ச தண்ணிய அதுவே கக்கட்டும். இப்ப பெயிண்ட் அடிச்சா வாயைக் கட்டின மாதிரி” என்றார்.

அவர் சொன்னதை நானும் சோதித்துப் பார்த்தேன். ஒரு சதுர அடிக்குக் கண்ணாடி மாதிரியான பாலிதீன் தாளை எடுத்து, நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு நாள் விட்டேன். மறுநாள் தாளின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். தொட்டால் உலர்ந்த மாதிரி இருந்த சுவர் அது. செங்கல் சுவர் மாதத்துக்கு ஓர் அங்குலம் காயும் என்று கட்டடக்காரர்கள் ஒரு உத்தேசக் கணக்கு வைத்திருக்கிறார்கள். 9 அங்குலச் சுவர் இரண்டு பக்கமும் காய்ந்தாலும் நாலு மாதத்துக்கு மேல் ஆகும். மார்கழிப் பனியில் எங்கே காய்வது?

அப்போதுதான் ஒன்று புரிந்தது. பொங்கலுக்கு வெள்ளையடிப்பது நம் வழக்கம், நல்ல வழக்கம். ஆனால் அது சுண்ணாம்புக்கு ஏற்பட்டது. அப்பா காலத்து வீட்டில் சுவர் சுண்ணாம்புச் சாந்து, மேலே அடிப்பது கிளிஞ்சல் சுண்ணாம்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் குடித்த ஈரத்தை அந்தச் சுவர் வெளியே விடும், புதுச் சுண்ணாம்பின் காரம் பூசணத்தைக் கொல்லும். அலங்காரம், மருந்து இரண்டும் ஒன்றாக நடந்தது. இன்று அதே நாளில் சிமெண்டுச் சுவர்மேல் பிளாஸ்டிக் தோல் மாதிரியான பெயிண்டை அடிக்கிறோம். வழக்கம் மாறவில்லை, சாமான் மாறிவிட்டது. ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது.

மனைவியிடம் இதைச் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில், “சுரண்டற ஆளை வரச் சொல்லுங்க. நான் என் தங்கச்சி வீட்ல பத்து நாள் இருக்கேன்” என்றாள். அவள் போன பிறகுதான் வேலையை ஆரம்பித்தோம். இது முக்கியம். இளைப்பு உள்ளவர்கள் சுத்தம் செய்யும்போது வீட்டில் இருக்கக்கூடாது. தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்துக்குப் பெயிண்டைச் சுரண்டி எடுத்தார்கள். காய்ந்த பூசணத்தைத் துடைப்பத்தால் தட்டினால் வித்து வீடு முழுக்கப் பறக்கும். அதனால் முதலில் நனைத்து, சோப்புத் தண்ணீரில் தேய்த்துத் துடைத்தோம். என்-95 முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டோம். பிளீச்சிங் போட்டால் சரியாகிவிடும் என்று பலர் சொன்னார்கள். மேல்நிறம் போகும், சுவருக்குள் இறங்கியது போகாது. செத்த பூசணமும் இளைப்பைக் கிளப்பும், ஆகவே கொல்வது போதாது, எடுக்கவேண்டும். இன்னொன்று, பிளீச்சிங்கோடு கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஒருபோதும் சேர்க்காதீர்கள், விஷவாயு வரும். சுத்தம் செய்து முடித்த பிறகே மின்விசிறியை ஜன்னல் பக்கம் திருப்பி ஓடவிட்டோம்.

நனைந்த காகிதங்களுக்கு ஆபீஸ் அனுபவம் உதவியது. ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிய்க்கவில்லை, வெயிலில் வைக்கவுமில்லை. இடையிடையே வெள்ளைத்தாள் வைத்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்தினேன். உடனே செய்ய முடியாத ஒரு கட்டைப் பையில் போட்டு ஃப்ரீஸரில் வைத்தேன். குளிரில் பூசணம் வளராது, நிதானமாக எடுத்துப் பார்க்கலாம். அம்மாவின் பிரெஞ்சுக் காலத்துப் பிறப்புச் சான்றிதழ் அப்படித்தான் தப்பியது.

பொங்கல் வந்தது. பாதிச் சுவர் நீலம், பாதிச் சுவர் சிமெண்டுச் சாம்பல். வாசலில் கோலம் போட்டு, மாவிலை கட்டி, பானை வைத்தோம். வந்தவர்கள் எல்லோரும் முதலில் சுவரைப் பார்த்தார்கள், பிறகு எங்களைப் பார்த்தார்கள். மகனுக்கும் கொஞ்சம் வருத்தம். பேத்தி மட்டும் அந்தச் சாம்பல் சுவரில் சாக்பீஸால் யானை வரைந்தாள். யாரும் தடுக்கவில்லை.

மாசி மாதம் எதிர்வீட்டில் புதுப் பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பி உதிர்ந்தது. பழையபடி கறுப்பு. அவர்கள் அந்த இடத்தில் ஒரு பெரிய காலண்டரை மாட்டினார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அரசாங்கம் கார்டுக்குக் கொடுத்த 5,000 ரூபாயோடு கைக்காசையும் போட்டு அடித்த பெயிண்ட் அது.

நான் மாதம் ஒருமுறை பாலிதீன் தாளை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பங்குனிக் கடைசியில்தான் தாளில் ஒரு சொட்டும் இல்லை. சித்திரை பிறந்த பிறகு அதே கொத்தனாரை வைத்து, சுரண்டிய இடம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தோம். யானையையும் சேர்த்துத்தான்.

மனைவியின் ஆஸ்துமா போய்விடவில்லை, அது போகிற வியாதி இல்லை. ஆனால் அந்த அறையில் அவளால் இரவு முழுக்கத் தூங்க முடிகிறது. பீரோவைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளிப் போட்டிருக்கிறோம். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை பின்னால் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். ஐப்பசி பிறந்தால் நீங்களும் உங்கள் பீரோவுக்குப் பின்னால் ஒரு முறை பாருங்கள். முடிந்தால் அந்தச் சுவரில் ஒரு காலண்டரும் மாட்டாதீர்கள்.