நடையில் வைத்த ஜெனரேட்டர்

2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தது. சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் மரங்களும் மின்கம்பங்களும் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டையில், அந்த நெசவாளர் வீட்டிலும் கரன்ட் போய்விட்டது.

வீட்டுக்குள் குழித்தறி, பின்கட்டில் இரண்டு மாடுகள். தை முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய பட்டுச்சேலை தறியில் பாதியில் நின்றது. மாட்டுக்குக் காட்டக்கூட மேல்தொட்டியில் தண்ணீர் இல்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் மகன் வாடகைக்கு ஒரு பெட்ரோல் ஜெனரேட்டரைக் கொண்டுவந்தான்.

வெளியே தூறல். தறிக்கூடத்தை ஒட்டிய நடையில் அதை வைத்தார்கள். "வாசக்கதவைத் திறந்து வெச்சா போதும்ப்பா" என்றான் மகன். பெரியவரும் சரி என்றார். தொட்டி நிறைந்தது, விளக்கு எரிந்தது. அவர் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் தலை பாரமாக இருந்தது. மத்தியானம் சரியாகச் சாப்பிடாததால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். உள்ளே பேத்தி வாந்தி எடுத்தாள். "மாமா, எனக்கும் தலை சுத்துது. முதல்ல மெஷினை நிறுத்துங்க!" என்று மருமகள் குரல் கொடுத்த பிறகுதான் எல்லோரும் தெருவுக்கு ஓடிவந்தார்கள். வெளிக்காற்றில் கொஞ்சம் தெளிந்தாலும், அன்று இரவே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிட்டுத்தான் திரும்பினார்கள்.

ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பலத்தோடு அது பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. கதவு, ஜன்னலைத் திறந்து வைப்பது இதற்குப் போதாது. ஒரே வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் மயக்கமும் வந்தால், உடனே வெளியேறி 108-ஐ அழைக்க வேண்டும்.

மறுநாள் பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் வந்தார். இரண்டு முனையிலும் பிளக் மாட்டிய ஒயர் ஒன்று சுவர் சாக்கெட்டில் தொங்கியதைப் பார்த்து முகம் மாறினார்.

"தம்பி, இது வழியா வீட்டுக்குள்ள வர்ற கரன்ட் தெருக்கம்பிக்கும் போகும். டிரான்ஸ்பார்மர் அதைத் திருப்பி 11,000 வோல்ட்டா ஏத்திடும். கம்பத்துல ஏறியிருக்கிற லைன்மேன் கதி என்ன?"

"மெயினை ஆஃப் பண்ணிட்டேனேண்ணா."

"யாராச்சும் மறந்து போட்டுட்டா? பிளக்கைப் பாதியில உருவினா, அந்த முனை உன்னையே அடிக்கும்."

அந்த ஒயரை அவரே துண்டு துண்டாக வெட்டிப்போட்டார். கரன்ட் வந்த பிறகு மீட்டர் பக்கத்தில் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் மாட்டிக்கொடுத்தார். அதில் ஒன்று மின்வாரிய லைன், இல்லையென்றால் ஜெனரேட்டர். இரண்டும் ஒருபோதும் சேராது.

இப்போது அந்த வீட்டுப் பின்புறம், கதவு ஜன்னலிலிருந்து 20 அடிக்கு அப்பால், நாலு பக்கமும் திறந்த தகரக் கூரை ஒன்று நிற்கிறது. மேடான தரை. ஜெனரேட்டர் அதன் அடியில்தான் ஓடும், புகைக்குழாய் வயல் பக்கம் பார்த்திருக்கும். நிறுத்தி, சூடு ஆறிய பிறகே பெட்ரோல் ஊற்றுகிறார்கள். மிச்ச பெட்ரோல் வீட்டுக்குள் வருவதில்லை.

அந்தச் சேலை நாலு நாள் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. "சேலை தாமதமானா சமாதானம் சொல்லிக்கலாம்" என்பார் பெரியவர். அதற்கு மேல் அந்த ராத்திரியைப் பற்றி அவர் பேசுவதில்லை.