கயிறு பிடித்த கை

கடலின் ஆழத்தை எதைக்கொண்டு அளப்பது? கப்பல்காரர்களிடம் அதற்கென்று யந்திரங்கள் இருக்கின்றன. ஆனால் தூத்துக்குடிக் கரையில் வயதான ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். "இத்தனை பாகம்" என்பார். பாகம் என்பது வேறொன்றுமில்லை. ஒரு மனிதன் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நன்றாக விரித்தால், இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனி வரை உள்ள நீளம். ஏறக்குறைய 6 அடி. ஆழம் பார்க்க விட்ட கயிற்றை மேலே இழுத்து, மார்புக்கு நேரே கையை விரித்து விரித்து எண்ணிவிடுவார்கள். கடலையே தோளால் அளந்த ஜனங்கள் அவர்கள்.

நம் கவிகள் தோளை வேண்டிய மட்டும் பாடியிருக்கிறார்கள். மலை என்றார்கள், தூண் என்றார்கள். அதெல்லாம் ராஜகுமாரர்களின் தோள். கயிறு இழுத்த தோளையும் மூட்டை சுமந்த தோளையும் பற்றி அக்கறைப்பட்டவர்கள், எண்ணெய்க் கிண்ணத்தோடு திண்ணையில் உட்கார்ந்திருந்த வைத்தியர்கள்தாம். அப்படிப்பட்ட ஒருவரிடம் சென்ற வருஷம் நான் போய்ச் சேர்ந்தேன். என் வலது தோள் மூன்று மாதமாகச் சத்தியாக்கிரகம் செய்துகொண்டிருந்தது. சட்டை மாட்டினால் வலி. மேல் தட்டிலுள்ள புஸ்தகத்தை எடுத்தால் வலி. "எழுத்தாளனுக்கு மூளை வலித்தால் நியாயம்; தோள் எதற்கு வலிக்கிறது?" என்று கேலி செய்த தூத்துக்குடி நண்பர்தான் அங்கே அழைத்துப் போனார்.

பெரியவருக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேலிருக்கும். அவருடைய தகப்பனார் முத்துக்குளிப்பில் கயிறு பிடித்தவர். அந்தக் கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அப்போது இவர் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன். குளிக்கிறவர் 15 முதல் 20 கிலோ எடையுள்ள ஒரு கல்லைக் காலால் பற்றிக்கொண்டு இறங்குவார். கல் அவரைப் 'பாரு'க்கு, அதாவது சிப்பி படிந்து கிடக்கும் கடலடிப் பாறைக்கு, விரைவாகக் கொண்டு சேர்த்துவிடும். தோணியில் இருப்பவர் உடனே கல்லை மேலே இழுத்துவிட வேண்டும். ஒரு நிமிஷமோ சற்று அதிகமோ மூச்சடக்கிச் சிப்பி வாரியவர் கயிற்றை அசைத்ததும், ஆளுக்கும் சிப்பிக் கூடைக்குமாக மறுபடி இழுக்க வேண்டும். 10 பாகம் என்றால் 60 அடிக் கயிறு. ஒரு நாளில் இப்படி எத்தனை தடவை! கயிறு பிடிப்பவர் குளிப்பவருடைய மச்சானாக இருக்க வேண்டும் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. கூடப் பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் அல்லவா தொங்குகிறது!

சாயங்காலம் கரை திரும்பிய தகப்பனாரின் தோளில் எண்ணெய் தேய்ப்பது பையனுடைய வேலை. "நான் படிச்ச பள்ளிக்கூடம் அந்தத் தோள்தான் ஐயா" என்றார் பெரியவர்.

எண்ணெயை எடுப்பார் என்று நான் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். அவர் எண்ணெயைத் தொடவில்லை. எனக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "கையைப் பக்கவாட்டில் மெதுவா மேலே தூக்குங்க" என்றார். தூக்கினேன். "இறக்குங்க. இன்னொரு கையைத் தூக்குங்க" என்றார். பிறகு, "வலது பக்கம் சிறகு எலும்பு அவசரப்படுது" என்றார்.

அவர் சிறகு எலும்பு என்றது முதுகின் மேற்புறத்தில் இருக்கும் முக்கோணமான தோள்பட்டை எலும்பை. கையைத் தொடையோரத்திலிருந்து காதோரம் வரை தூக்கினால் 180 டிகிரி. இதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத் தோள்மூட்டும், மீதி ஒரு பங்கைத் தோள்பட்டை எலும்பும் கொடுக்கின்றன. நாதஸ்வரமும் தவிலும்போல இரண்டும் தாளம் தப்பாமல் சேர்ந்து போக வேண்டும். மூட்டில் நோவு இருந்தால் பட்டை எலும்பு முந்திக்கொண்டு கிளம்பித் தோளைக் காதுவரை தூக்கிவிடும். போஸ்டன் நகரத்து டாக்டர் காட்மன் இந்த லயத்தைப் பற்றியெல்லாம் விஸ்தாரமாக எழுதி, தோளுக்கென்றே 1934-இல் ஒரு பெரிய புஸ்தகம் வெளியிட்டார். பெரியவருக்குக் காட்மனைத் தெரியாது. ஆனால் காட்மன் பார்த்ததை இவரும் பார்த்திருக்கிறார்.

தோள்மூட்டின் அமைப்பே விசித்திரமானது. இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் உருண்டைத் தலை ஆழமான குழிக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. தோளில் அந்தப் பாதுகாப்பு இல்லை. பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் கரண்டியில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு ஓடுவார்களே, அதுபோலத்தான்: உருண்டை பெரிது, குழி சிறிது. நாலா பக்கமும் கை சுழல்வதற்காக இயற்கை செய்த ஏற்பாடு இது. பழம் விழாமல் பிடித்துக்கொள்பவை தோள்பட்டை எலும்பிலிருந்து கிளம்பும் நான்கு சிறு தசைகள். வெளியே புடைத்துத் தெரிகிற பெரிய தசை கையைத் தூக்கிப் பெயர் வாங்கிக்கொள்கிறது. உள்ளே இந்த நால்வரும் உருண்டையை அதன் இடத்தில் நிறுத்தாவிட்டால் அதனால் ஒன்றும் ஆகாது. வீட்டிலும் ஆபீஸிலும் நாம் பார்க்காததா?

பெரியவர் என் தோளை விட்டுவிட்டுக் காறை எலும்புக்குக் கீழே, மார்புத் தசையில் கை வைத்தார். அங்கே வலியே இல்லை என்றேன். "நீங்க குனிஞ்சு குனிஞ்சு எழுதுறீங்க. இது சுருங்கிப்போய்த் தோளை முன்னால இழுத்துக்கிட்டுக் கிடக்கு. இழுக்கிறவனை விட்டுட்டு இழுபடுறவனை அடிச்சா என்ன பிரயோஜனம்?" என்றார். சித்த வைத்தியத்தில் இந்தக் கைவேலைக்குத் 'தொக்கணம்' என்று பெயர். தட்டல், பிடித்தல், அழுத்தல், அசைத்தல் என்று ஒன்பது வகை. 1964-இல் பாளையங்கோட்டையில் அரசாங்கம் தொடங்கிய கல்லூரியில் படித்துத் தேர்ந்து வருகிறவர்களும் இருக்கிறார்கள். இவரைப் போலத் தகப்பன் தோளில் கற்றவர்களும் இருக்கிறார்கள்.

நான் உட்கார்ந்திருக்கும்போதே உப்பளத்தில் வேலை செய்யும் ஓர் இளைஞன் வந்தான். முழங்கையின் வெளிப்புற முண்டில் வலி. உப்பு வாரும் பலகையைப் பிடிக்கவே முடியவில்லை. யாரோ அந்த முண்டிலேயே பலமாகத் தேய்த்துவிட்டதில் வலி இன்னும் அதிகமாகியிருந்தது. பெரியவர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "இதை மேலே நிமித்து பாப்போம்" என்று எதிராக அழுத்தினார். அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு 'ஆ' என்றான்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இடது கை விரல்களை வலது முழங்கையின் வெளிமுண்டுக்குச் சற்றுக் கீழே வைத்துக்கொண்டு, வலது கை முஷ்டியை இறுக்குங்கள். விரலுக்கடியில் தசை கெட்டியாகும். பிடிப்பது கை, அந்தப் பிடியில் மணிக்கட்டு சாயாமல் நிறுத்துகிற தசைகள் புறப்படுவது முழங்கையிலிருந்து. கம்பை இறுக்கிப் பிடிப்பவனுக்கு முழங்கை வலிக்கிற ரகசியம் இதுதான். உள்முண்டின் பின்னே ஒரு நரம்பு தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீர் என்னும். அங்கே யாரும் அழுத்தவே கூடாது என்றார் பெரியவர்.

முன்கைத் தசையை நீளவாட்டில் இதமாக நீவிவிட்டு, "கம்புல பழைய துணியைச் சுத்திப் பருமனாக்கிக்கோ. பிடியைத் தளர்த்து. அஞ்சு நாள் ஓய்வு எடுலே" என்றார்.

"அஞ்சு நாள் கூலி யார் தருவா தாத்தா?" என்றான் அவன்.

பெரியவர் பதில் சொல்லவில்லை. எனக்கும் பதில் தெரியவில்லை. 1974-இல் தூத்துக்குடி பெரிய துறைமுகமானது. முன்னே தோணியும் தோளும் சேர்ந்து செய்த வேலையில் பெரும்பங்கை இன்று கிரேன்கள் செய்கின்றன. உப்பளத்தில் மட்டும் இன்னும் எத்தனையோ கைகள் உப்பு வாருகின்றன.

இரண்டாம் தடவை நான் போயிருந்தபோது, ஐம்பது வயதுள்ள ஒருவர் வந்தார். சரக்கு ஏற்றுமதி சம்பந்தமான தொழில் செய்கிறவர். இடது தோளும் கையும் காலையிலிருந்து வலிக்கிறதாம். முந்தின நாள் ஒரு பெட்டியைத் தூக்கினாராம். அதுதான் காரணம் என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார். பெரியவர் கையைத் தூக்கிப் பார்த்தார், சுழற்றினார், முழங்கையை மடக்கி நீட்டினார். எதற்கும் வலி கூடவுமில்லை, குறையவுமில்லை. வந்தவர் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. அன்று அவ்வளவு புழுக்கமும் இல்லை.

பெரியவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "தசையில உள்ள வலின்னா அசைச்சா பேசும் ஐயா. இது பேசலை. இது என் வேலையில்லை" என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "ஓடிப்போய் ஆட்டோவைக் கூப்பிடுங்க" என்றார்.

மாரடைப்பு. நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அரை மணி நேரம் எண்ணெய் தேய்த்திருந்தால் அந்தக் குடும்பத்தின் கதி என்ன என்பதை நினைக்கவே எனக்கு உடம்பு நடுங்கியது. கைத்தொழில் அறிந்தவர்கள் எத்தனையோ பேர். கையை எப்போது எடுத்துவிட வேண்டும் என்று அறிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

எனக்கு அவர் சொன்ன பயிற்சி சுலபமானது. முன்னால் குனிந்து, கிணற்று வாளிபோலக் கையைத் தளரத் தொங்கவிட்டு மெதுவாக ஆட்ட வேண்டும். இதையும் வெளிநாட்டில் காட்மன் பேராலேயே வழங்குகிறார்கள். ஆறு வாரத்தில் மேல் தட்டுப் புஸ்தகம் கைக்கு எட்டியது.

விடைபெறப் போன அன்று உப்பளத்து இளைஞனும் வந்திருந்தான். ஓய்வு எடுக்கவில்லை, எடுக்க வழியில்லை. கம்பில் துணி சுற்றியிருக்கிறானாம். வேலை முடிந்ததும் தினமும் இங்கே வந்துவிடுகிறானாம். பெரியவர் அவன் முன்கையை மடியில் வைத்துக்கொண்டு நீவிக்கொண்டிருந்தார். முடிந்ததும் அவன் நீட்டிய நோட்டைப் பார்த்து, "வச்சுக்கோ. சுகமானப்புறம் ரெண்டு படி உப்புக் கொண்டா" என்றார்.