கீபோர்டும் கணினியும் பேசிக்கொள்ள



பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நம் ஜனங்கள் கூடிவருகிற இடம் மும்பையானாலும், பெங்களூரானாலும், தில்லியானாலும், அந்த வாடகை அறையின் ஒரு மூலையில் துணி போர்த்திய கீபோர்டு ஒன்று இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதன் முன்பக்கத்தை எல்லாரும் அறிவோம். பின்பக்கத்தை, வாசிக்கிற வாலிபனைத் தவிர ஒருவரும் பார்ப்பதில்லை. மின்சாரத்துக்கும், ஒலிபெருக்கிக்கும், கால் பெடலுக்கும் உரிய துளைகளோடு, ஏறக்குறையச் சதுரமான சிறு துளை ஒன்றும் அங்கே இருக்கும். பிரிண்டரின் பின்னால் இருப்பதும் அதே வடிவந்தான். அதன் மேல் ‘யூ.எஸ்.பி. டூ ஹோஸ்ட்’ என்றோ, ‘யூ.எஸ்.பி. கம்ப்யூட்டர்’ என்றோ எழுதியிருக்கும். பென் டிரைவ் செருகுகிற துளை வேறு, இது வேறு. வாங்கிய நாள் முதல் ஒரு கேபிளும் நுழையாத இந்தத் துளையைக் குறித்தே இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

மும்பையில் சயானுக்கு அருகே கூடுகிற எங்கள் சபையில் பதினொரு ஆண்டுகளாகக் கீபோர்டு வாசித்துவந்த தம்பிக்கு 2023ஆம் ஆண்டில் குவைத்தில் வேலை கிடைத்தது. சனிக்கிழமை இரவு விமானம். செய்தி உறுதியானது திங்கட்கிழமை. அவர் இசைப்பள்ளியில் படித்தவர் அல்லர். பாடுகிற தாய்மார் எந்தச் சுருதியில் தொடங்கினாலும் இரண்டு அடிக்குள் அதைப் பிடித்துக்கொள்வார். ஒன்றையும் எழுதிவைத்தவரும் அல்லர். எங்கள் சபையின் மூத்த தாயார் ஒருவர் கட்டிய ஏழு பாட்டுகள் உண்டு. அவர் 2019இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அந்த ஏழுக்கும் மெட்டும் இடையிசையும் முழுமையாக அறிந்தவர் இந்தத் தம்பி ஒருவரே. அவருக்குப் பின் வாசிக்க இருந்தவள் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. வலதுகையால் மெட்டு வாசிப்பாள், இடதுகை இன்னும் பழகவில்லை.

“செல்போனில் பதிவுசெய்துகொண்டால் போதாதா?” என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் மூப்பரும் அதையே கேட்டார். கேட்டுக்கொண்டிருப்பதற்கு அது போதும். கற்றுக்கொள்வதற்குப் போதாது. வேகமான இடையிசையில் இடதுகை எந்தக் கட்டைகளைத் தொட்டது என்று செல்போன் பதிவிலிருந்து பிரித்தறிய நல்ல செவி வேண்டும். அந்தச் செவி வாய்ப்பதற்குத்தானே அவள் பயிலவேண்டும்!

இந்த இடத்தில்தான் ‘மிடி’ உதவுகிறது. பலர் நினைப்பதுபோல் மிடியின் வழியே ஓசை போவதில்லை. ஊரில் பாடகர் குழுவில் இருந்த பெரியவர்கள் டோனிக் சோல்ஃபா எழுத்துகளைப் பார்த்துப் பாடுவதைக் கண்டிருப்பீர்கள். அந்தத் தாளில் குரல் இல்லை, பாடவேண்டியது இன்னதென்ற குறிப்பு மட்டும் உண்டு. மிடியும் அப்படிப்பட்டதே. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு விசையோடு, எப்பொழுது விடப்பட்டது என்பவற்றை எண்களாக அனுப்புகிறது. நடு ‘சி’ கட்டைக்கு 60 என்று எண். விசைக்கு 1 முதல் 127 வரை. ஐந்து நிமிடப் பாட்டை எம்பி3 ஆக வைத்தால், சாதாரண 128 கிலோபிட் தரத்திலும் ஏறக்குறைய 5 மெகாபைட் ஆகும். மிடியாக வைத்தால் சில பத்துக் கிலோபைட்டுகளே. எண்களே ஆனபடியால் சுருதி மாறாமல் வேகத்தைப் பாதியாகக் குறைக்கலாம். இடதுகையின் கட்டைகளைத் திரையில் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இந்த ஏற்பாட்டுக்கு நாற்பது வயது கடந்துவிட்டது. அதற்கு முன் ஒரு நிறுவனத்தின் கருவிக்கு இன்னொன்றின் பேச்சு பெரும்பாலும் விளங்காது. ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தை நிறுவிய இகுடாரோ ககெஹாஷியும், அமெரிக்காவில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தின் டேவ் ஸ்மித்தும் போட்டியாளர்களாய் இருந்தும், பொதுமொழி ஒன்று வேண்டும் என்பதில் இணங்கினார்கள். 1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில் இரு நிறுவனங்களின் கீபோர்டுகளையும் ஒரு கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். 2013இல் இருவருக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது வழங்கப்பட்டது. பழைய கீபோர்டுகளில் ஐந்து ஊசி கொண்ட வட்டமான துளை அந்நாட்களுக்கு உரியது. விநாடிக்கு 31,250 பிட் வேகம். ஒரு கட்டையின் செய்தி போய்ச்சேர ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு விநாடி. பின்னாளில் அதே செய்திகளை யூ.எஸ்.பி. கேபிளில் அனுப்புவதற்கு 1999இல் பொதுவிதி வகுக்கப்பட்டது.

டிரைவர் என்றவுடன் மும்பையில் நமக்கு டாக்சி ஓட்டுகிற சகோதரர்களே நினைவுக்கு வருவார்கள். கணினியில் டிரைவர் என்பது, செருகப்பட்ட கருவி இன்னதென்று விண்டோஸுக்கு அறிவித்து, இருவருக்கும் நடுவே நின்று மொழிபெயர்க்கிற சிறு மென்பொருள். கீபோர்டுகளில் இரு வகை உண்டு. 1999ஆம் ஆண்டின் பொதுவிதிப்படி செய்யப்பட்டவை செருகியவுடன் விண்டோஸில் ஏற்கெனவே இருக்கிற டிரைவரைக் கொண்டே இயங்கும். ஆப்பிள் கணினியிலும் அப்படியே. மற்றவை அந்தந்த நிறுவனம் தருகிற டிரைவரை நிறுவினால்தான் பேசும். உங்கள் கீபோர்டு எந்த வகை என்று அறியாமல் மற்ற எதையும் தொடங்காதீர்கள். கைப்புத்தகத்தில் ‘கிளாஸ் கம்ப்ளையன்ட்’ என்றோ ‘ஜெனெரிக்’ என்றோ ஒரு சொல் இருக்கிறதா என்று முதலாவது தேடுங்கள்.

எங்கள் கீபோர்டு இரண்டாம் வகையாகவே தோன்றிற்று. அட்டைப்பெட்டியில் ஒரு சிடி இருந்தது. உறையின்மேல் விண்டோஸ் எக்ஸ்பி, விஸ்டா என்று அச்சிட்டிருந்தது. சபை வாலிபர் ஒருவர் கொடுத்துதவிய லேப்டாப்பில் இருந்ததோ விண்டோஸ் 11. சிடி போடும் வசதியே அதில் இல்லை. லேமிங்டன் ரோட்டில் தெரிந்த கடையொன்றில் சிடியிலிருந்ததைப் பென் டிரைவில் ஏற்றி வாங்கிவந்தேன். புதன்கிழமை இரவு நிறுவிப் பார்த்தால், இந்த விண்டோஸுக்கு இது பொருந்தாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. காரணம் எளியது. அந்த டிரைவர் 32 பிட் விண்டோஸுக்கு எழுதப்பட்டது. விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. சாதாரண மென்பொருளானால் 32 பிட்டில் எழுதியதும் 64 பிட் விண்டோஸில் ஓடிவிடும். டிரைவர் மட்டும் ஓடாது, ஏனெனில் அது விண்டோஸின் உள்ளறைக்குள்ளேயே இருந்து வேலைசெய்வது. நிறுவனத்தின் இணையதளத்திலும் அந்த மாடலுக்குப் புதிய டிரைவர் வைக்கப்படவில்லை.

அந்த இரவில் எங்களுக்கு ஆலோசனைகளுக்குக் குறைவில்லை. எல்லா டிரைவரையும் தானே தேடித்தரும் மென்பொருள் ஒன்றை இணையத்தில் இறக்கிக்கொள்ளச் சொன்னார் ஒருவர். விண்டோஸின் பாதுகாப்புப் பகுதியில் ‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்றிருப்பதை அணைத்தால் பழைய டிரைவரும் ஏறிவிடும் என்றார் இன்னொருவர். இரண்டுக்கும் நான் இணங்கவில்லை. முன்னது இன்னதென்று தெரியாத அந்நியரைக் கணினிக்குள் கூட்டிவருவது. பின்னது சில பழைய டிரைவர்களுக்கு உதவக்கூடும், ஆயினும் 32 பிட்டை 64 பிட் ஆக்காது. மேலும் 2016 முதல், விண்டோஸ் 10 காலத்திலிருந்தே, புதிய டிரைவர்கள் மைக்ரோசாஃப்ட்டின் கையொப்பம் பெற்றிருக்கவேண்டும் என்ற விதி காரணமின்றி ஏற்பட்டதல்ல. அந்த லேப்டாப்பில்தான் அந்த வாலிபர் தம் வங்கிக் கணக்கைத் திறக்கிறார். ஒரு கீபோர்டுக்காக அவருடைய வீட்டுக் கதவைத் திறந்துபோட நமக்கு உரிமை ஏது?

வியாழன் காலை, அலுவலகத்துக்குப் போகும் ரயிலில், கைப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வாசித்துக்கொண்டு போனேன். பின்பகுதியில் சிஸ்டம் அமைப்புகளின் பட்டியலில் இரண்டு வரிகள். ‘யூ.எஸ்.பி. டிரைவர்’ என்ற அமைப்புக்கு ‘வெண்டர்’, ‘ஜெனெரிக்’ என்று இரண்டு நிலைகள் உண்டு. வெண்டர் என்றால் நிறுவனத்தின் டிரைவர் வேண்டும். ஜெனெரிக் என்றால் கணினியில் உள்ளதே போதும். ஆனால் மிடி மட்டும் போகும், ஓசை போகாது. மாற்றியபின் கீபோர்டை அணைத்து மீண்டும் போடவேண்டும். எங்களுக்குத் தேவைப்பட்டது மிடி மாத்திரமே அல்லவா! அன்று மாலை ஜெனெரிக் என்று மாற்றி, சேமித்து, அணைத்து, போட்டோம். கேபிளைச் செருகிய சில விநாடிகளில் ‘டிவைஸ் மேனேஜர்’ பட்டியலில், முந்தின இரவு மஞ்சள் ஆச்சரியக்குறியோடு நின்ற கீபோர்டின் பெயர் குறி நீங்கித் தோன்றியது. அந்தப் பிள்ளை கைதட்டினாள். தம்பி ஒன்றும் சொல்லாமல் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

உங்கள் கீபோர்டுக்கு நிறுவனத்தின் டிரைவர் கட்டாயம் என்றால், அதை அந்த நிறுவனத்தின் இணையதளத்திலிருந்தே, உங்கள் மாடலின் பெயரையும் உங்கள் விண்டோஸின் பதிப்பையும் பார்த்து எடுங்கள். அநேக நிறுவனங்கள் டிரைவரை முதலில் நிறுவி, அதன் பின்னரே கேபிளைச் செருகச் சொல்கின்றன. அந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். கேபிளை ஹப்பில் செருகாமல் கணினியிலேயே நேரடியாகச் செருகுங்கள். பிரிண்டரின் கேபிளே பொருந்தும், புதிது வாங்கவேண்டியதில்லை. வழி ஒன்றும் திறக்காவிட்டால், ஐந்து ஊசித் துளை இருக்கிற கீபோர்டுக்கு, ஒரு முனையில் மிடியும் மறுமுனையில் யூ.எஸ்.பி.யும் உள்ள இணைப்புக் கருவி கடைகளில் கிடைக்கும். கீபோர்டின் ‘அவுட்’ அந்தக் கருவியின் ‘இன்’னுக்குப் போகவேண்டும் என்பதை மட்டும் மறவாதீர்கள்.

கணினி கீபோர்டைக் கண்டுகொண்டதோடு வேலை முடிவதில்லை. நாங்கள் ரீப்பர் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினோம். அறுபது நாள் பணமின்றிச் சோதித்துப் பார்க்கலாம். அதன் அமைப்புகளில் கீபோர்டின் பெயரை உள்ளீடாகத் தெரிந்துகொள்ளவேண்டும். பல கணினிகளில் ஒரே நேரத்தில் ஒரு மென்பொருளே கீபோர்டைப் பிடித்திருக்க முடியும். ஆகையால் வேறு இசை மென்பொருள் திறந்திருந்தால் மூடிவிடுங்கள்.

ஒரு கட்டையை அழுத்தினால் இரண்டுமுறை ஒலிப்பதுபோல் கேட்டால் பயப்படவேண்டாம். கீபோர்டு தானும் ஒலிக்கிறது, கணினி திருப்பியனுப்புவதைக் கேட்டு மறுபடியும் ஒலிக்கிறது. ‘லோக்கல் ஆஃப்’ செய்யச் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. யாராவது அதைத் திரும்பப் போடாமல் விட்டுவிட்டால், சில கீபோர்டுகள் ஞாயிறு ஆராதனையில் கணினியில்லாமல் ஊமையாய் நிற்கும். மென்பொருளில் திருப்பியனுப்புதலை நிறுத்திவிடுவதே நலம்.

இன்னும் இரண்டு காரியங்கள். டிரான்ஸ்போஸ் பொத்தானைப் பூச்சியத்தில் வைத்துப் பதிவுசெய்யுங்கள். பல கீபோர்டுகளில் அந்த மாற்றம் வெளியே போகும் எண்களையும் மாற்றிவிடும், பயில்கிறவர் திரையில் காண்பது வாசித்த கட்டையாய் இராது. பதிவு தொடங்கியபின் டோனை ஒருமுறை மீண்டும் தெரிந்தெடுங்கள். அப்பொழுது எந்த டோன் என்பதும் எண்ணாகப் பதிந்து, பிறகு ஒலிக்கவிடும்போது கீபோர்டு தானாகவே அதற்கு மாறிக்கொள்ளும்.

கணினியின் டோன்களை வாசிக்க விரும்புகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. கட்டையை அழுத்திய பின் ஓசை தாமதித்து வருவது மிடியின் குற்றமன்று. அது ஓசைக்கான டிரைவரைப் பொறுத்தது. 44,100 ஹெர்ட்ஸில் பஃபர் 1024 என்றிருந்தால் அதிலேயே 23 மில்லிவிநாடி போய்விடும். 256 என்று குறைத்தால் 6க்கும் குறைவு. ‘ஆசியோ’ வகை டிரைவர் இருந்தால் இப்படிக் குறைப்பது எளிது. எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

வியாழன் இரவும் வெள்ளி இரவுமாக இருபத்தாறு பாட்டுகளைத் தம்பி வாசித்தார். தாள ஒலியைப் போட்டுக்கொண்டு வாசிக்கச் சொல்லலாமா என்று யோசித்து, வேண்டாமென்று விட்டுவிட்டேன். ஆராதனைப் பாட்டு ஜனங்களின் மூச்சோடு இழுபட்டுப் போவது, திரையின் கட்டங்களில் கோடுகள் சரியாக உட்காராமற்போனால் போகட்டும். தாயாருடைய ஏழு பாட்டுகளை முதலிலேயே முடித்தோம். ஐந்தாவதில் ஒரு திருப்பத்தை இருமுறை வாசித்து, “அம்மா இதை இப்படியும் பாடுவாங்க, அப்படியும் பாடுவாங்க, ரெண்டையும் வச்சுக்கோங்க அங்கிள்” என்றார். இரண்டையும் வைத்துக்கொண்டோம். கோப்புகள் லேப்டாப்பிலும், இரண்டு பென் டிரைவ்களிலும், அவர் குவைத்துக்குக் கொண்டுபோன செல்போனிலும் இருக்கின்றன.

அந்தப் பிள்ளை புதன், வெள்ளி மாலைகளில் வருகிறாள். இடதுகையை மட்டும் தனியே ஒலிக்கவிட்டு, அறுபது விழுக்காடு வேகத்தில் தொடங்குகிறாள். தாயாருடைய பாட்டுகளில் ஆறு முடிந்தன. அந்த ஐந்தாவதில் எந்தத் திருப்பத்தை வைத்துக்கொள்வது என்று அவளுக்கும் பாடுகிற சகோதரிகளுக்கும் இன்னும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.