கிழட்டு காரும் மழைத் தண்ணீரும்
செம்பூரிலிருந்து என் பழைய ஆல்டோ தாதர் போக, மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளைக் கடந்தாக வேண்டும். அடைமழையில் அங்கே முழங்கால் தண்ணீர்.

ஆயிரம் சி.சி.க்கு உட்பட்ட காருக்கு, சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் 2022 ஜூனில் ரூ. 2,094 என நிர்ணயமானது. கார் கிழடானாலும் இது குறையாது. அடிபடுகிறவர் உயிருக்குத் தேய்மானக் கழிவு கிடையாதே! சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் மட்டும் வண்டியின் மதிப்போடு இறங்கும்.

2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் 944 மி.மீ. கொட்டியது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்தால் இன்ஜினுக்குள் நீர் புகுந்து கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரண பாலிசியில் அதற்கு இழப்பீடு கிடைப்பது கஷ்டம். இன்ஜின் பாதுகாப்பைத் தனியே வாங்க வேண்டும். என் காருக்கு வயதாகிவிட்டதென்று அதைத் தர மறுத்துவிட்டார்கள். ஆகவே வண்டி நின்றால் சாவியைத் தொடுவதில்லை. இறங்கித் தள்ளுகிறேன்.