ஓட்டுநர் மேல் போட்ட பழி

டிராக்டரிலிருந்து என் ரோட்டவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ. ஷாஃப்ட் உடைந்ததற்கு ஓட்டுநர்தான் காரணம் என்று ஊரெல்லாம் சொன்னேன். அவர் கூலியிலும் பிடித்துக்கொண்டேன். உடைத்தது நான் என்று அப்போதே எனக்குத் தெரியும்.

டெல்டாவில் சம்பா நடவுக்கு முந்தைய சேற்றுழவுக் காலம். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வண்டி வேண்டும். மணிக்கு இவ்வளவு என்று வாடகை. வண்டி நின்றால் காசும் நின்றது. ஷாஃப்டில் ஷியர் போல்ட் என்று ஒன்று இருக்கிறது. கல்லோ வேரோ சிக்கினால் அது அறுந்துபோய் கியர்பாக்ஸைக் காப்பாற்றும். அறுவதுதான் அதன் வேலை. அடிக்கடி அறுகிறது என்று, அந்த இடத்தில் ஹை டென்சில் போல்ட்டைப் போடச் சொன்னேன். ஓட்டுநர் தயங்கினார். "நான் சொல்றேன், போடுப்பா" என்றேன்.

அடுத்த தடவை வேர் சிக்கியபோது போல்ட் அறவில்லை; ஷாஃப்டின் குழாய் முறுக்கிக்கொண்டது. குழாயை மாற்றியிருக்க வேண்டும். டவுனுக்குப் போய்வர ஒரு நாள் வீணாகுமே என்று, பக்கத்துப் பட்டறையில் முறுக்கிய இடத்தை வெட்டி, குழாய் முனையில் இருக்கும் கவை போன்ற யோக்கை மறுபடி பற்றவைத்தேன்.

நடுத்தண்டின் இரு முனையிலும் உள்ள யோக்குகள் ஒரே வாக்கில் நிற்க வேண்டும். யோக்கை அடுத்த யோக்கோடு இணைக்கும் மூட்டுதான் கிராஸ்; மடங்கிய நிலையில் அது சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் ஏறி இறங்கும். மறுமுனைக் கிராஸ்தான் அதைச் சமன் செய்கிறது. யோக் விலகினால் அந்தச் சமன் போய் ஷாஃப்ட் உதறும். பட்டறையிலேயே கண்ணை வைத்துப் பார்த்தேன், நன்றாகவே விலகியிருந்தது. "ஓடட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

மேலே இருந்த பிளாஸ்டிக் உறையும் அதன்பின் பொருந்தவில்லை. கொட்டகையில் தூக்கிப் போட்டேன். என்னை இன்றும் தூங்கவிடாதது இதுதான். பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9. யோக்கின் சுற்றளவு ஒரு சாணுக்குக் குறையாது. நொடிக்கு ஒன்பது சாண் என்றால் நாலரை முழம். அவர் கட்டியிருந்தது நாலு முழ வேட்டி.

"அண்ணே, நடுங்குது. சீட்டு வரைக்கும் தெரியுது" என்றார். சேறு கெட்டியாக இருக்கும், ஓட்டு என்றேன். நடு வயலில் கிராஸ் உடைந்தது. டிராக்டர் பக்கம் தொங்கிய பாதி, வண்டியை நிறுத்துவதற்குள் சாட்டை மாதிரி வீசி லிஃப்ட் கையை வளைத்துவிட்டது. கியர்பாக்ஸில் பேரிங்கும் ஆயில் சீலும் போயின. யாருக்கும் அடிபடவில்லை.

டீக்கடையில் எல்லோர் முன்னாலும், வரப்போரம் திரும்பும்போது பி.டி.ஓ.வை அணைக்காமல் ரோட்டவேட்டரைத் தூக்கித் தூக்கியே கெடுத்துவிட்டான் என்றேன். அவர் அப்படித் தூக்கியது உண்மை. அணைத்து ஓட்டினால் நேரமாகிறது என்று விரட்டியவனும் நான்தான். "போல்ட்டை மாத்தச் சொன்னது யாருண்ணே?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அதட்டி அடக்கிவிட்டேன். அடுத்த பருவத்துக்கு அவர் வரவில்லை.

புது ஷாஃப்டை அளந்துதான் வாங்கினேன். வேலை நிலையில் ஒரு குழாய்க்குள் மற்றது மூன்றில் ஒரு பங்காவது உள்ளே இருக்க வேண்டும். மிகக் குறுகும்போதும் முட்டாமல் இடைவெளி வேண்டும். உறை, அது சுழலாமல் பிடிக்கும் சங்கிலி, கம்பெனி சொன்ன ஷியர் போல்ட் எல்லாம் இருக்கின்றன. முன்பும் இவையெல்லாம் கடையில் கிடைத்தவைதான்.

பிடித்த கூலியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். "பணம் சரிண்ணே, பேரு?" என்றார். அன்று டீக்கடையில் இருந்தவர்களில் சிலரிடம் நேரில் சொல்லிவிட்டேன். என் பேச்சை நம்பி அவரை வண்டிக்குக் கூப்பிடுவதை நிறுத்திய முதலாளிகளிடம் இன்னும் சொல்லவில்லை. அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.