நகைப்பெட்டி தேடிப் பத்தமடைக்கு...

புளியங்குடி என்றாலே எலுமிச்சம்பழம் என்பார்கள். சரிதான். ராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குப் போகிற பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு வந்தால்கூட, எங்கள் ஊர் வந்துவிட்டதை மூக்கு சொல்லிவிடும். மேற்கே மலை, மலையடியில் தோட்டங்கள், ஊருக்குள் மண்டி. மண்டியில் காயைத் தரம் பிரித்து மூட்டை கட்டிக்கொண்டே இருப்பார்கள். ரயிலில் வருகிறவர்களுக்குப் பக்கத்து ஸ்டேஷன் பாம்புக்கோவில் சந்தை. பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள்!

எலுமிச்சை மலிந்த ஊரில் எல்லாவற்றுக்கும் எலுமிச்சைதான். பித்தளை விளக்கு தேய்க்க, தலைக்குத் தேய்க்க, ஊறுகாய் போட. அதோடு நின்றால் தேவலை. என் ஓரகத்தி ஒருத்தி, கழுத்தில் போட்டுப் போட்டு மங்கிப்போன முத்துமாலையை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தாள். மாலையில் எடுத்துப் பார்த்தால் முத்தின் மினுமினுப்பே போய், சுண்ணாம்பு உருண்டை மாதிரி ஆகியிருந்தது. முத்தும் பவளமும் சுண்ணாம்பு இனத்தைச் சேர்ந்தவை. புளிப்பு பட்டால் கரையும். கவரிங் நகைக்கும் அப்படித்தான். மேலே இருப்பது மெல்லிய தங்க முலாம், உள்ளே செம்போ பித்தளையோ. சாறு ஊற ஊற முலாம் போய்ச் செம்பு பல்லைக் காட்டும். ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

நகையைத் துலக்குவதைவிட, வைக்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. இது என் அத்தை (மாமியாரைத்தான் சொல்கிறேன்) சொல்லித் தந்தது. அத்தையின் நகை இருந்தது ஒரு ஓலைப்பெட்டியில். ஒரு ஜாண் அகலம், மூடி போட்டது, இரட்டை ஓலையில் முடைந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவரே முடைந்தாராம். அதற்குள் பழைய வேட்டித் துண்டில் சுற்றிய பாம்படம். பூச்சி வராமலிருக்க ஒரு துண்டு வசம்பு.

பாம்படம் பார்த்திராத இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. தென் ஜில்லாக்களில் பாட்டிமார் காதில் தோள்வரை தொங்குமே, அதுதான். 2023-ல் 'தண்டட்டி' என்று ஒரு சினிமாவே வந்ததே, அந்த வகை நகை. சின்ன வயசிலேயே காது குத்தி, பஞ்சு திணித்து, அப்புறம் ஈயக் குணுக்கு மாட்டித் துளையைப் பெரிதாக்குவார்கள். காது வளர்த்தல் என்று அதற்குப் பேர். பின்னால் கம்மல் நாகரிகம் வந்ததும் அதே காதை அறுத்துத் தைத்துக்கொண்டவர்களும் உண்டு. அத்தை தைத்துக்கொள்ளவில்லை.

பாம்படம் பார்க்கத்தான் உருட்டுக்கட்டை. உண்மையில் அது தங்கத் தகடு. உள்ளே அரக்கு நிரப்பியிருக்கும். இடித்தால் நசுங்கும். அதனால்தான் தகரப் பெட்டியில் போடாமல், தட்டினாலும் தாங்கிக்கொள்கிற ஓலைப்பெட்டி.

போன வருஷம் அத்தையே பேச்சை எடுத்தார். "காதுல போட ஆளில்ல. பொட்டியில கெடந்து என்ன செய்ய? பிள்ளைக்கு ஆவுறத பாருங்க." எனக்கு மனசே இல்லை. எங்க வீட்டுக்காரரும் ரெண்டு நாள் பிடிகொடுக்காமல் இருந்தார். தங்கம் விற்கிற விலையில், பெண்ணுக்குப் புதுசாக எடுக்க எங்களால் ஆகாது என்பது அத்தைக்குத் தெரியும். ஆசாரி முன்னால் நான்தான் உட்கார்ந்திருந்தேன். தீயில் காட்டியதும் அரக்கு உருகி ஒழுகியது. பார்வைக்கு இருந்ததில் பாதிகூட நிற்கவில்லை. மகளுக்கு ஒரு ஆரமும் சின்னக் கம்மலும் ஆயிற்று. பெட்டியை மட்டும், "அது என் கையி, யாருக்கும் குடுக்காத" என்று அத்தை வாங்கிப் பரண்மேல் வைத்துக்கொண்டார்.

மகளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. லேடீஸ் ஹாஸ்டல். ஆரத்தை அங்கே கொண்டுபோக முடியுமா? கவரிங், பாசி, வளையல் இவைதான் கூடப் போகும். ஏற்கெனவே கவரிங் தோடு போட்டு அவளுக்குக் காதில் அரிப்பு. நிக்கல் கலந்த உலோகம் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று டாக்டரம்மா சொன்னார். தண்டில் நிறமில்லாத நகப்பாலிஷ் தடவிக்கொள்வது தற்காலிக வைத்தியம்தான், நாலு நாளில் உரிந்துவிடும். அதனால் சின்னத் தங்கக் கம்மலைத் தினப்படிக்கு வைத்துக்கொண்டு, மற்றதை எப்போதாவது போடச் சொன்னேன். இதையெல்லாம் கலக்காமல் வைக்க ஒரு பெட்டி வேண்டுமே என்று ஆனி மாதம் ஒருநாள் நாங்கள் இரண்டு பேரும் கிளம்பினோம்.

சொக்கம்பட்டி, கடையநல்லூர் தாண்டித் தென்காசி. அங்கிருந்து குற்றாலம். சாரல் சமயம். அருவியில் தலை காட்டாமல் திரும்பினால் பாவம் அல்லவா! குளித்துவிட்டுக் கடைத்தெருவில் தேடினோம். மங்குஸ்தான், சிப்ஸ், பாசிமணி, வெல்வெட் ஒட்டிய பிளாஸ்டிக் பெட்டிகள். ஒன்றைத் திறந்து முகர்ந்தேன், பசை வாடை. வெல்வெட் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சாரல் காற்றில் அது இன்னும் மோசம். "வேண்டாம்ட்டி" என்றேன். அவளுக்கு முகம் சுருங்கியது. கண்ணாடி பதித்த மூடி அவளுக்குப் பிடித்திருந்தது.

மறுபடி தென்காசி வந்து அம்பாசமுத்திரம் பஸ். பாவூர்சத்திரம், கடையம், ஆழ்வார்குறிச்சி என்று மலையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே போகிற ரோடு. நான் பிறந்து வளர்ந்தது இந்தப் பக்கம்தான் என்பதால் கொஞ்சம் பட்சபாதம் இருக்கும், மன்னிக்கவும். அம்பாசமுத்திரத்தில் மரச்சொப்பு பிரசித்தம். கடைசல் இயந்திரத்தில் சுழலும் மரத்தின்மேல் வர்ண அரக்குக் குச்சியை அழுத்த, உரசும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஒட்டிக்கொள்ளும். பாம்படத்துக்குள்ளே ஒளிந்திருந்த அரக்கு இங்கே வெளியே நின்று பளபளக்கிறது! இப்போது கடைகளில் பிளாஸ்டிக் சொப்புதான் அதிகம் என்றாலும் மரம் இல்லாமல் போகவில்லை. மூடி போட்ட குங்குமச் சிமிழ் இரண்டு வாங்கினோம். மூக்குத்தி, தோட்டுத் திருகு மாதிரிச் சின்னச் சாமானுக்கு இதைவிடப் பாந்தமான இடம் கிடையாது. ஆனால் கைக்குழந்தை உள்ள வீட்டில் சிமிழைக் கீழே வைக்காதீர்கள். திருகு, மணி எல்லாம் நேரே வாய்க்குத்தான் போகும்.

பிறகு கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, அதை அடுத்துப் பத்தமடை. 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமானபோது நாங்கள் அந்தப் பக்கம் போனோம், பத்தமடை திருநெல்வேலியோடு நின்றுகொண்டது. சுவாமி சிவானந்தர் பிறந்த ஊர் இது. நமக்கு வேண்டியது கோரைப்பாய்.

பாய் நெய்வது பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்களின் கைத்தொழில், அதிலும் பெண்கள். நாங்கள் போன வீட்டில் ஒரு லாத்தா தரையோடு தரையாக இருந்த தறிமுன் உட்கார்ந்திருந்தார். "வாங்கக்கா, உக்காருங்க. பாய்க்கா வந்தீய?" என்று கேட்டபடியே கை மட்டும் நிற்கவில்லை. தாமிரபரணிக் கரையோரத்துக் கோரையை அறுத்து, காயவைத்து, கீறி, ஓடுகிற தண்ணீரில் ஒரு வாரம் போல ஊறப் போடுவார்களாம். ஊறி உப்பியதை எடுத்துக் காயவைத்து, இன்னும் மெல்லிசாகக் கீறுவார்கள். சாதாரணப் பாய்க்குக் கோரை தடிமன். பட்டுப்பாய்க்கு நூல் மாதிரி. பாவுக்குப் பருத்தி நூலோ பட்டு நூலோ ஓட, குறுக்கே ஒவ்வொரு கோரையாகச் செருகி அடிக்க வேண்டும். பழைய நாளில் சிவப்புச் சாயத்துக்குச் சப்பங்கிக் கட்டை. கல்யாணப் பாயில் மாப்பிள்ளை, பெண் பெயர்களையே நெய்துவிடுவார்கள். 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து பாய் போயிற்று என்று ஊரில் பெருமையாகச் சொல்கிறார்கள். புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

நல்ல பட்டுப்பாய் ஒன்று முடிய வாரக்கணக்கில் ஆகும். லாத்தாவின் முதுகு வளைந்த வளைவைப் பார்த்தபின் எனக்குப் பேரம் பேச நாக்கு எழவில்லை. முழுப் பாய் நமக்கு எதற்கு? பாயில் பர்ஸ், கைப்பை தைக்கிறவர்கள் உண்டு என்பதால் துண்டுகளும் கிடைக்கின்றன. ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலத்தில் சிவப்புக் கரை போட்ட துண்டு ஒன்றை மகளே பொறுக்கி எடுத்தாள். குற்றாலத்துக் கண்ணாடி மூடி மறந்துபோயிற்று.

அந்தத் துண்டில் நாங்கள் தைத்த சுருட்டுப் பையைச் சொல்கிறேன். தையல் மெஷின் இருந்தால் ஒரு மத்தியானத்தில் முடியும்.

பாயை வெட்டும்முன் வெட்டுகிற இடத்துக்கு இரண்டு பக்கமும் தையல் ஓட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் பாவு நூல் பிரிந்து கோரை ஒவ்வொன்றாக உதிரும். தடித்த ஊசி போட்டு, தையலை நீளமாக வையுங்கள். குட்டைத் தையல் கோரையை அறுத்துவிடும். ஓரத்துக்குப் பழைய பட்டுப்புடவைக் கரை. உள்பக்கத்துக்குப் பலமுறை துவைத்து மெத்தென்றான பருத்தித் துணி. அதில் மூன்று பை தையுங்கள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு மடிப்பு விட்டால் சங்கிலி வழுக்கி வெளியே வராது. ஒரு சங்கிலிக்கு ஒரு பை. இரண்டைச் சேர்த்துப் போட்டால் அப்புறம் சிக்கெடுக்கவே விடிந்துபோகும். பைகளுக்குக் கீழே ஒரு துணி நாடாவைக் குறுக்கே வைத்து, ஒரு முனையைத் தைத்து, மறுமுனைக்கு அழுத்துப் பொத்தான். மோதிரங்களை அதில் கோத்துவிடலாம். தோடுகளுக்குத் தடித்த துணியில் சின்னத் துளைகள் போட்டு, ஜோடி ஜோடியாகக் குத்தித் திருகி வைக்க வேண்டியதுதான்.

சுருட்டும்போது ஒன்று கவனியுங்கள். படுக்கைப் பாயைச் சுருட்டுகிற மாதிரி, கோரை குச்சியாக நேரே நிற்கிற பக்கமாகவே சுருட்ட வேண்டும். மாற்றிச் சுருட்டினால் கோரை முறியும். முதல் தடவை லேசாகத் தண்ணீர் தெளித்துச் சுருட்டி, நிழலில் உலர்த்தினால் சொன்னபடி கேட்கும். கட்டுவதற்கு ரிப்பன் போதும். ரப்பர் பேண்ட் வேண்டாம். அதில் கந்தகம் இருக்கிறது, வெள்ளியைக் கறுக்கடிக்கும். காற்றுப்பட்டாலே கறுக்கிற வெள்ளிக் கொலுசுக்குப் பாய்ப்பை சரிப்படாது. அதை இறுக மூடும் டப்பாவில், ஒரு சாக்பீஸ் துண்டோடு வைப்பதுதான் நல்லது. முத்துக்கு நேர்மாறு, அது காற்றோட்டமாக இருக்க வேண்டும்.

மிச்சத் துண்டில் தலைக்குப் போடும் கிளிப்புக்கு மூடி தைத்தோம். வளையலுக்கு, ஜவுளிக் கடையில் துணி சுற்றி வருகிற அட்டைக் குழாயைக் கேட்டு வாங்கிச் சீட்டித் துணி சுற்றினோம். பழைய எம்பிராய்டரி வளையத்தில் கொசுவலைத் துண்டை இழுத்து மாட்டியதும் ஜிமிக்கிகள் தொங்க ஒரு படம் மாதிரி ஆயிற்று. ஹாஸ்டல் சுவரில் ஆணி அடிக்க விடுவார்களோ என்னவோ!

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அத்தை, பரண்மேல் இருந்த பெட்டியைத் தானே இறக்கச் சொன்னார். "பையி ஊருக்கு. வீட்டுக்கு வரும்போது நகையக் கழத்தி எதுல வைப்ப? இந்தா" என்று பேத்தி கையில் கொடுத்துவிட்டார். அவள் அதோடு விடவில்லை. "ஆச்சி, எனக்கு முடையச் சொல்லிக் குடு" என்று உட்கார்ந்துவிட்டாள்.

குருத்தோலைக்கு அலைந்ததுதான் பெரிய கதை. பனைமரம் 1978-லிருந்து நம் மாநில மரம். கலெக்டர் அனுமதியின்றி வெட்டக்கூடாது என்று 2021-ல் அரசாங்கம் அறிவித்தது. மரம் நிற்கிறது, ஏறத்தான் ஆளில்லை. சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமத்தில் சொல்லிவைத்து, எட்டு நாள் கழித்து ஒரு கட்டு வந்தது. ஒரு மரத்தில் குருத்தை எல்லாம் எடுத்துவிடக் கூடாது, மரம் கெட்டுப்போகும், அதனால் கொஞ்சம்தான் தருவார்கள். வெயிலில் காயவைத்து, ஈர்க்கைக் கிழித்து, ஒரே அகலமாக வகிர்ந்து கொடுத்தார் அத்தை. கண்ணில் புரை இருக்கிறது, விரலுக்கு அது தெரியவில்லை போலிருக்கிறது. நாலு ஓலை குறுக்கே நாலு ஓலை என்று அடி பின்னுவது இரண்டு சாயங்காலத்தில் மகளுக்கு வந்துவிட்டது. மூலை திருப்புவது வரவில்லை. மூன்று தரம் பிரித்தாள், ஒரு தரம் அழுதாள். அதற்குள் பஸ் ஏறுகிற நாள் வந்துவிட்டது.

பாதிப் பெட்டி சுளகுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. ஓலை காய்ந்துபோனால் பாதகமில்லை, தண்ணீர் தெளித்தால் திரும்பவும் வளையும் என்கிறார் அத்தை. தீபாவளிக்கு நாலு நாள் லீவு கிடைக்குமா என்று மகளிடம் போனில் கேட்கச் சொல்லி என்னைத் தினமும் நச்சரிக்கிறார்.