வீட்டில்தானே இருக்கிறாய்?

வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க நினைக்கிறவர்கள் முதலில் கணக்குப் போடுவது பீஸையும் நேரத்தையும்தான். கொச்சியில், மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் மொத்தமாக விற்கும் கடையில் கணக்கெழுதுகிற எனக்கு அந்தக் கணக்கு சீக்கிரமே முடிந்துவிட்டது. தேவராவில் சேக்ரட் ஹார்ட் கல்லூரி இருக்கிறது. 1944-இல் தொடங்கியது, காயலோரத்து வளாகம். தோப்பும்படி போய், துறைமுகப் பாலம் ஏறி, வெலிங்டன் தீவைக் கடந்து, வெண்டுருத்திப் பாலத்தில் இறங்கினால் தேவரா. தூரம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அங்கே வகுப்பு நடக்கிற நேரத்தில் இங்கே நான் பில் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். எனவே ஆன்லைனில் எம்.காம். சேர்ந்தேன்.

கல்லூரிக்குப் போகாமல் பட்டம் வாங்குவது நமக்குப் புதிதல்ல. டெல்லி பல்கலைக்கழகம் 1962-இலேயே அஞ்சல் வழிப் படிப்பைத் தொடங்கியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இல் வந்தது. 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான இக்னோ என்னும் தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 1987-இல் 4,528 மாணவர்களோடு பாடம் நடத்த ஆரம்பித்தது. நமக்கு முந்தின தலைமுறையில் எத்தனையோ குமாஸ்தாக்களும் டீச்சர்களும் 'கரஸ்'ஸில் படித்துப் பதவி உயர்வு வாங்கியவர்கள். ஆனாலும் பெண் பார்க்க வந்தவர்கள் முதல் நேர்காணலில் உட்கார்ந்தவர்கள் வரை "ரெகுலரா, கரஸ்ஸா?" என்று கேட்காமல் விட்டதில்லை. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் ரெகுலர் பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யுஜிசி தெளிவுபடுத்தியது. காகிதத்தில் அந்தச் சண்டை தீர்ந்தது. வீட்டில் தீரவில்லை.

அக்கா மகள் எங்களோடு தங்கித் தேவராவில் டிகிரி படிக்கிறாள். காலையில் அவள் "கிளாஸ் இருக்கு சித்தி" என்றால் போதும், வீடே அவளுக்கு வழிவிடும். டிபன் டப்பா தயாராகிவிடும். மாமியார் அவளிடம் ஒரு வேலை சொல்ல மாட்டார். ராத்திரி எட்டு மணிக்கு இயர்போனை மாட்டிக்கொண்டு நான் அதையே சொன்னால், "வீட்லதானே இருக்கே, அந்தக் குக்கரைக் கொஞ்சம் எறக்கி வச்சிடும்மா" என்பார். அதில் வன்மம் எதுவும் கிடையாது. மருமகள் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறாள், கையில் போன் இருக்கிறது. அவள் செலவுக் கணக்கியல் படிக்கிறாளா, சீரியல் பார்க்கிறாளா என்று அவருக்கு எப்படித் தெரியும்? கடை வாடிக்கையாளரும் அப்படித்தான், வகுப்பு நேரத்தில் "ஆன்லைன்ல இருக்கீங்களே" என்று மெசேஜ் அனுப்புவார்.

வளாகத்தின் பெருமையாக நூலகத்தையும் ஆசிரியரையும் நண்பர்களையும் சொல்வார்கள். எனக்கு அதில் கண்ணில் படுவது வேறு: அது ஓர் ஆளை நியாயமாகக் காணாமல் போக விடுகிறது. கல்லூரி வாசலைத் தாண்டியவளை யாரும் கூப்பிட முடியாது. பதினெட்டு வயதில் அது தானாகக் கிடைக்கிறது, அருமை தெரிவதில்லை. முப்பத்தைந்தில் அதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

ஆன்லைனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அது இல்லாவிட்டால் நான் படிக்கவே போயிருக்க மாட்டேன். புரியாத இடத்தை மறுபடி ஓடவிடலாம். சின்னப் பிள்ளைகள் நடுவே கை தூக்கிச் சந்தேகம் கேட்கும் கூச்சமும் இல்லை. ஆனால் எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம் என்கிற சலுகைதான் அதன் பலவீனமும். எப்போதும் முடிகிற வேலையை எப்போதும் தள்ளிப்போடலாம். ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸ் இணையதளத்தில் நடத்திய திறந்த படிப்புகளைப் பற்றி 2019-இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. 2017-18-இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் சுமார் 3 சதவீதம். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களில் 46 சதவீதம். பணம் கட்டியவர்கள் முதலிலேயே தீர்மானத்தோடு வந்தவர்களாகவும் இருக்கலாம். இருந்தாலும் யாரும் எதுவும் கேட்காத படிப்பு எங்கே போய் நிற்கும் என்பதற்கு இது போதும்.

சென்னை ஐஐடி 2020-இல் அறிவித்த தரவு அறிவியல் பட்டம் இந்த விஷயத்தில் கெட்டி. பாடம் ஆன்லைனில். வாராவாரம் கெடு வைத்து அசைன்மென்ட். தேர்வை மட்டும் மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். தேர்வு நாளில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவளைப் பார்த்துத்தான் வீட்டார் இது நிஜப் படிப்பு என்று நம்புகிறார்கள். பழைய கரஸ் படிப்பின் காண்டாக்ட் கிளாஸுக்கும் இந்த மதிப்பு உண்டு. அங்கே என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்பது இரண்டாவது. லீவு போட்டு, புடவை மாற்றி, பஸ் ஏறிப் போனார்கள்.

ஆன்லைன் மாணவிக்கு முக்கியமாகத் தேவை ஒரு மேசை, ஒரு பிளக் பாயின்ட், வீட்டுக்கு வெளியே ஒரு கூரை. கேரளத்துக்கு இது கஷ்டமே இல்லை. பி.என். பணிக்கர் 1945-இல் நூலகச் சங்கத்தைத் தொடங்கி ஊருக்கு ஊர் வாயனசாலை வளர வழி செய்த மாநிலம் இது. அந்த வாசகசாலைகளில் ஓர் அறையை ராத்திரி ஒன்பதரை வரை, பெண்களும் பயமில்லாமல் வந்து போகும்படி திறந்து வைத்தால் போதும். கல்லூரிகளும் மாலையில் காலியாகும் வகுப்பறைகளில் ஒன்றிரண்டை வெளியாட்களுக்கு விடலாம். விரிவுரை தேவையில்லை, பெஞ்சு போதும்.

எந்தப் படிப்பில் சேரலாம் என்று என்னைக் கேட்கிறவர்களிடம் இப்போதெல்லாம் பீஸைப் பற்றிப் பேசுவதில்லை. அந்த ஒரு மணி நேரத்துக்கு உங்கள் வீட்டில் குக்கரை இறக்கப்போவது யார் என்று கேட்கிறேன். பதில் உடனே வந்தால் ஆன்லைனில் சேரலாம். யோசிக்க வேண்டியிருந்தால், பீஸ் கட்டுவதற்கு முன் வீட்டாரை உட்காரவைத்துப் பேசிவிடுவது நல்லது.